துண்டுக்குள் துடித்த மோதிரம்

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் என் கையைப் பிடித்து என்னை ஏமாற்றியவன் என்று ஒருவனை மதுரைச் சுற்றுவட்டாரத்தில் யாரும் காட்ட முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தாலும் எனக்கு ஒன்றும் நட்டமில்லை. அம்புட்டுப் பாடுபட்டவன் நாலு வார்த்தை சொல்லிக்கொள்ளக் கூடாதா?

சந்தைப் பக்கம் வராதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் விலையை வாயால் பேசுவதில்லை. தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு பேர் வலது கையின் மேலும் போட்டுக்கொள்வோம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை. எந்த விரல், எந்தக் கணு, எம்புட்டு அழுத்தம் என்பதிலேயே எல்லாம் முடிந்துவிடும். சுற்றி ஒரு கூட்டமே நின்று பார்த்தாலும் கேட்ட விலையும் சொன்ன விலையும் அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். வாய் பாட்டுக்கு மழையைப் பற்றியும் பங்காளி வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும்.

நான் எழுமலைப் பக்கம் பிறந்தவன். எங்கள் ஆட்களுக்கு அன்றைக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அடுத்தவர் காட்டில் கூலி வேலை. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் மாட்டைப் பற்றிக் கேளுங்கள். நடையைப் பார்த்தே எந்தக் கால் சரியில்லை என்று சொல்வேன். வாயைத் திறந்து பல்லைப் பார்க்கும் முன்னாலேயே வயசைச் சொல்லிவிடுவேன். நான் தரகுக்கு வந்த புதிதில் நிலபுலன் உள்ள பெரிய சம்சாரிகள் என்னிடம் வந்து மாட்டைப் பற்றி எல்லாம் கேட்டுக்கொள்வார்கள். விலை பேச மட்டும் வேறு தரகரிடம் போய்விடுவார்கள். துண்டுக்குள் என் கையைப் பிடிக்க வேண்டுமே, அதுதான் காரணம். ஒருவர் மட்டும் வந்தார். வந்தவர் துண்டைத் தன் கையில் நன்றாகச் சுற்றிக்கொண்டு, துணிக்கு மேலாக என் விரலைத் தொட்டார். அந்த மாட்டை அவருக்கு நான் முடித்துக் கொடுக்கவில்லை. துணி விலகிய கைக்குத்தான் விலை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கொஞ்ச காலம் கஷ்டப்பட்டேன். பிறகு வந்தார்கள். என் கண் அப்படி. இன்றைக்கு அவருடைய மகன் சந்தைக்குள் வந்தால் முதலில் என்னைத்தான் தேடுகிறான். சமயநல்லூரில் மாடி வீடு கட்டியதும், பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் இந்த வலது கை.

நெஞ்சுதான் இடையில் காலை வாரியது. காலமெல்லாம் இழுத்த பீடியும் சந்தைப் புழுதியும் சேர்ந்து உள்ளே என்னவோ செய்திருந்தன. முதலில் இருமல், பிறகு மாடி ஏறினால் இளைப்பு, கடைசியில் சட்டைப் பொத்தான் போடுவதற்கே உட்கார வேண்டியதாயிற்று. போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் படுக்கவே வைத்துவிட்டார்கள். மதுரை டவுனில் நெஞ்சு நோய்க்கென்று பார்க்கிற டாக்டர், சி.ஓ.பி.டி. என்று பெயர் சொன்னார். நுரையீரல் பழுது, இனி முழுசாகச் சரியாகாது, ஆனால் ஒழுங்காக இருந்தால் நாளை ஓட்டலாம் என்றார். பீடியை அன்றைக்கே விட்டேன். என் வயசில் அப்படி ஒரே நாளில் விட்டவனை நான் பார்த்ததில்லை. வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப் மருந்தையும் வேளை தவறாமல் எடுத்தேன். அம்புட்டும் கேட்ட பிறகு டாக்டர் ஒரு வார்த்தை போட்டார்.

"சந்தையை விட்ருங்க."

"அதைத் தவிர என்ன வேணாலும் சொல்லுங்க சார்."

"அங்க போனா ஆக்சிஜன் இறங்கும். மயங்கி விழுந்தா யாரு பாக்குறது?"

"இறங்கும்னு நீங்க சொல்றீங்க. இறங்காதுன்னு நான் சொல்றேன். அங்க வந்து பாத்தது யாரு?"

அவர் நல்ல மனுசன், நாற்பது வயசுதான் இருக்கும். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். உள்ளே மோதிரம் மாதிரி ஒன்று. தடித்த ரப்பர் வளையம், உள்பக்கம் சிவப்பாக ஒரு சின்ன வெளிச்சம். இதை விரலில் மாட்டிக்கொண்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் எம்புட்டு ஓடுகிறது, நாடி எப்படி அடிக்கிறது என்று பார்த்துச் செல்போனுக்கு அனுப்பும். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும். ஆக்சிஜன் குறைந்தால் விரலிலேயே துடிக்கும், உட்கார் என்று அர்த்தம்.

"ஒரு மாசம் இதோட சந்தைக்குப் போங்க. இது இறங்கலைன்னா நான் வாயே திறக்கல. இறங்குச்சுன்னா நீங்க வாயைத் திறக்கக் கூடாது. சரியா?"

சரி என்றேன். எனக்கு மேல் தரகராக இருக்கிறாரே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அங்கே வேலை பார்க்கிற நர்ஸ் பெண்தான் மாட்டிவிட்டது. பட்டுநூல்காரர் வீட்டுப் பிள்ளை. நான் உள்ளே போனபோது அம்மாவோடு போனில் அவர்கள் சௌராஷ்டிர பாஷையில் பேசிக்கொண்டிருந்தது. இடது கை ஆள்காட்டி விரலில் மாட்டிவிட்டு, அதே கையில்தான் இருக்க வேண்டும், அதிகம் புழங்காத கைதான் இதற்குச் சரி என்று இரண்டு தடவை சொன்னது. என் போன் பொத்தான் போன் என்பதால் என் வீட்டுக்காரியின் செல்லில் இணைத்துக் கொடுத்தது. சிம் போட்ட தீப்பெட்டி அளவு டப்பா ஒன்றையும் தந்து, இது சட்டைப் பையில் இருந்தால் செல் எம்புட்டுத் தூரத்தில் இருந்தாலும் தகவல் போகும் என்றது.

சிம்மக்கல்லில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி வலது கைக்கு மாற்றினேன். பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரிக்கு அது பொறுக்கவில்லை.

"அந்தப் பிள்ள இடது கைன்னுல்ல சொல்லுச்சு?"

"இடது கையால நான் யாருக்காவது வெத்தலையாச்சும் குடுத்து நீ பாத்திருக்கியா? உசுரக் காக்குற சாமான அதுலயா போடுவாக?"

"அதுக்கு இடது வலதெல்லாம் தெரியுமாக்கும்."

"எனக்குத் தெரியும்ல."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதைத் தப்பு என்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் இடத்தில் இருந்தால் எங்கள் சந்தைக்காரன் எவனும் அதைத்தான் செய்திருப்பான்.

அந்த வாரச் சந்தை. விடிந்து கொஞ்ச நேரத்தில் நல்ல கூட்டம். உசிலம்பட்டிப் பக்கத்து வியாபாரி ஒருவன் உண்டு, என்னை மாமா என்பான், நான் மாப்ள என்பேன், ரத்த உறவு ஒன்றும் கிடையாது. ஒரு ஜோடி உழவு மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். துண்டைப் போட்டோம். அவனுக்குப் பிடி இரும்புப் பிடி. என் ஆள்காட்டி விரலை அவன் இறுக்கியதுதான் தாமதம், மோதிரம் துடிக்க ஆரம்பித்தது.

"என்ன மாமா, வெரலு உறுமுது?"

"உறுமட்டும். நீ மாட்டுக்கு வெலயச் சொல்லு."

"இல்ல, இது எந்தக் கணக்குல வருது? ஏத்துறீகளா எறக்குறீகளா?"

"ரெண்டும் இல்லடா. அது வைத்தியம்."

அவன் நம்பவில்லை. நான் ஏதோ புதுக் கணக்கு கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தான். அது இன்னும் துடித்தது. அதே நேரம் என் சட்டைப் பையில் போன் அடித்தது. வீட்டுக்காரி.

"ஏங்க, கொறஞ்சிருச்சு. செல்லு கத்துது. உக்காருங்க மொதல்ல."

"நான் நல்லாத்தான இருக்கேன்."

"நல்லா இருக்கவுகளுக்கா இப்படிச் செவப்பா காட்டும்? உக்காருங்கன்னா உக்காருங்க."

பேச்சு அம்புட்டும் வெளியே கேட்டது. மாப்ள துண்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இனிமே துண்டுக்குள்ள மூணு பேரா மாமா? நீங்க, நானு, அத்தை?"

சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வியாபாரத்தையும் முடித்தேன், நான் நினைத்த விலைக்கு. ஆனால் அடுத்த பிடியிலும் துடித்தது, அதற்கடுத்த பிடியிலும் துடித்தது. அடுத்தடுத்த வாரங்களிலும் அதே கதை. மற்ற நாளெல்லாம் வீட்டில் பச்சையாகக் காட்டுகிற செல், சந்தையன்று மட்டும் சிவப்பாகக் கத்தியது. விலை பேசி நிற்கும்போது எனக்கோ இளைப்பும் இல்லை, தலைசுற்றலும் இல்லை. உடம்பு தெரியாமலே போய்க்கொண்டிருக்கிறதோ என்று முதல்முறையாகப் பயம் வந்தது. பயத்தை வெளியே காட்டுகிற ஆள் நான் இல்லை. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. அதை வீட்டுக்காரி கண்டுபிடித்துவிட்டாள்.

"சந்தை இல்லாட்டி என்ன, நெழலாத்தான இருக்கப்போறீக. வீடு இருக்கு, டிவி இருக்கு."

"டிவியில யாரும் என் கையைப் பிடிக்க மாட்டானே."

அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள்.

மாசம் முடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து வரச்சொன்னார்கள். சிம்மக்கல்லில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். வழியெல்லாம், டாக்டர் சொல்லப்போவதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஒன்றும் அகப்படவில்லை. பேசியது பேசியதுதானே.

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். நேர்கோடாகப் போகிற கோடு, சந்தை நாளில் மட்டும் பள்ளம் பள்ளமாக விழுந்திருந்தது.

"நான் எதுவும் சொல்ல வேணாம். நீங்களே பாருங்க."

பார்த்தேன். படிக்கத் தெரியாதவனுக்கும் பள்ளம் தெரியும். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது நர்ஸ் பெண் டாக்டருக்குப் பின்னாலிருந்து குனிந்து படத்தைப் பார்த்தது.

"சார், மூச்சு வாங்குனா மெதுவா இறங்கி மெதுவாத்தான ஏறும்? இது முக்காவாசி சுவிட்சு போட்டு அணைச்ச மாதிரி விழுந்து, உடனே ஏறுது. நாடியும் அந்த நேரத்துல சரியாவே பிடிக்கல." பிறகு என்னிடம் திரும்பியது. "ஐயா, இந்த நேரத்துல எல்லாம் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க? நடந்தீங்களா? எதையும் தூக்குனீங்களா?"

"நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன் தாயி. வெல பேசிக்கிட்டு இருந்தேன்."

"பேசுனா இப்படி விழாதே ஐயா. எப்படிப் பேசுவீங்க?"

தொழில் ரகசியம். வெளியாளிடம் காட்டுவதில்லை. ஆனால் அந்த நேரத்தில் அதைப் பார்த்தால் ஆகுமா? தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடிப்பது முறையில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் தன் கையை மேசைக்கு மேலே நீட்டிவிட்டார்.

"நான் வாங்குறவன்னு வச்சுக்கங்க. என்ன மாடு?"

"காங்கேயம் காளை சார். நல்ல சுழி."

துண்டைப் போட்டேன். எந்த விரலைப் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். மாட்டைப் பார்க்காத கை, பஞ்சு மாதிரி இருந்தது. ஆனால் பிடித்தார்.

"இன்னும் இறுக்கிப் பிடிங்க சார். இப்படிப் பிடிச்சா கன்னுக்குட்டி கூட வராது."

இறுக்கினார். மோதிரம் துடித்தது. என் வீட்டுக்காரியின் கையிலிருந்த செல் கத்தியது.

"விழுந்துருச்சு சார்," என்றது நர்ஸ். "உக்காந்துக்கிட்டே இருக்காரு, விழுந்துருச்சு. விரல அமுக்குறதுல ரத்தம் ஓட மாட்டேங்குது, அதான் இது தப்பா அளக்குது." சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தது. "ஐயா, நான் இடது கையிலதான மாட்டிவிட்டேன்?"

"கேளு, நல்லாக் கேளு," என்றாள் என் வீட்டுக்காரி. ஒரு மாசமாக இந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

டாக்டருக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. சிரித்து முடித்ததும் கறாராகிவிட்டார். இந்த மாசத்துக் கணக்கை எடுத்துக்கொள்ள முடியாது, அதனால் நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது என்றார். இன்னும் இரண்டு சந்தைக்கு இடது கையில் போட்டுக்கொண்டு போக வேண்டும், அது என்ன காட்டுகிறதோ அதுதான் முடிவு. துண்டு இன்னும் எங்கள் இரண்டு பேர் கையின் மேலும் கிடந்தது.

"இப்ப உங்க முறையிலயே பேசிருவோம். சரின்னா பிடிங்க," என்றார்.

பிடித்தேன். எத்தனையோ பேர் கையைப் பிடித்திருக்கிறேன், ஒரு டாக்டர் கையைத் துண்டுக்குள் பிடித்த தரகன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

அடுத்த சந்தைக்கு மோதிரம் இடது கையில். மாப்ள வந்து, வழக்கம்போல விரலை நசுக்கினான். ஒரு துடிப்பும் இல்லை. அவனுக்கே ஏமாற்றம்.

"என்ன மாமா, இன்னைக்குக் கரண்டு இல்லையா?"

எனக்குத் தலை நிமிர்ந்தது. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ரோட்டில் வேனை விட்டு இறங்கி, மாடு கட்டியிருக்கிற மேட்டுக்கு நடந்தபோது துடித்தது. அதை அந்த நேரத்தில் நான் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு லாரியிலிருந்து மாடுகளை இறக்கினார்கள். புழுதி கிளம்பியது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்போது துடித்த துடிப்பு நிற்கவேயில்லை. இந்தத் தடவை எனக்கும் மூச்சு முட்டியது. வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்து பம்ப் மருந்தை உறிஞ்சினேன். வலது கையில் விரலை நசுக்கியபோது வந்ததெல்லாம் பொய்த் துடிப்பு, இது நிஜத் துடிப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு யோசனை வந்தது. வீட்டுக்காரியிடம், பேட்டரி போய்விட்டது என்றால் தீர்ந்தது. போடவில்லை. துண்டுக்குள் பிடித்துப் பேசிய பேச்சு அது. பிடித்த பிறகு மாற்றிப் பேசுவது என் தொழிலில் கிடையாது. அடுத்த வாரமும் அதே மேடு, அதே புழுதி, அதே துடிப்பு. அம்புட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தபோது, விட்டுவிடுகிறேன் சார் என்று சொல்லத் தயாராகவே போயிருந்தேன். அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"வெல பேசுறப்ப ஒண்ணும் இல்ல. நடக்குறப்பவும் தூசியிலயும்தான் விழுது. அப்ப நடக்காதீங்க. தூசிகிட்டப் போகாதீங்க. உக்காந்து வெல பேசுங்க."

"சந்தைக்கு?"

"போங்க."

அதற்குப் பிறகு அவர் போட்ட நிபந்தனைகளைக் கேட்டால் கல்யாணச் சீர்வரிசை மாதிரி இருக்கும். வேன் மரத்தடி வரைக்கும் வர வேண்டும். லாரி இறக்கி முடிகிற வரை முகமூடி. கிளம்பும் முன் பம்ப் மருந்து. மோதிரம் இடது கையில். செல்லை வைத்துக்கொண்டு ஒரு ஆள் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நர்ஸ் பெண் என் இடது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

இப்போது சந்தைக்குப் போனால் வேப்ப மரத்தடியில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். முன்னெல்லாம் மாட்டைத் தேடி நான் நடப்பேன். இப்போது மாட்டை என் முன்னால் ஓட்டிவந்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடத்திக் காட்டுகிறார்கள். விலை பேச வருகிறவர்கள் குனிந்துதான் கையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மாப்ள ஒருநாள், "மாமா, கலெக்டர் ஆபீஸ் மனுநாள் மாதிரில்ல இருக்கு," என்றான். மனு இருந்தால் கொடு என்றேன்.

செல்லை வைத்துக்கொள்ள என் வீட்டுக்காரியே வருகிறாள். இத்தனை வருஷக் குடும்பத்தில் அவள் சந்தைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது வாரம் டீ வாங்கிக் குடித்தாள். மூன்றாவது வாரம் பக்கத்தில் கறவை மாடு கொண்டுவந்த பெண்களோடு பேச ஆரம்பித்து, நான் கூப்பிட்டாலே திரும்பவில்லை.

போன வாரம் ஒரு செவலைக் காளை வந்தது. என் கணக்கில் அப்படி ஒரு மாடு வருஷத்துக்கு ஒன்றுதான் கண்ணில் படும். எனக்கே வேண்டும் என்று இருந்தது. முகத்தில் காட்டுவேனா? எனக்கு வேண்டாம்ப்பா, ஓட்டிக்கிட்டுப் போ என்று கொட்டாவி விட்டேன். மாட்டுக்காரன் போவது மாதிரி போய்த் திரும்பி வந்தான். என்னிடம் காளை பார்க்கச் சொல்லியிருந்த சம்சாரிக்கு, நான் கேட்ட இடத்தில் விலை நின்றது.

வீட்டுக்குத் திரும்பும்போது வேனில் அவள் கேட்டாள்.

"அந்தச் செவலைய எம்புட்டுக்கு முடிச்சீக?"

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்றதில்ல. உனக்குத் தெரியாதா?"

"சொல்ல வேணாம். வேணாம் ஓட்டிட்டுப் போன்னு நீங்க கொட்டாவி விட்டீகல்ல, அப்ப ஆக்சிஜன் அசையல. நாடி மட்டும் எகிறுச்சு பாருங்க, நான் பயந்தே போயிட்டேன். அப்பறம் அவன் திரும்பி வந்ததும் எறங்கிருச்சு. அப்பத்தான் வெளங்குச்சு எனக்கு."

என் முகத்தைப் பார்த்து என் மனசைச் சொன்ன ஆள் இந்தச் சந்தையில் கிடையாது. நான் இடது கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

"இத மாப்ளகிட்டச் சொல்லிராத."

"நான் ஏன் சொல்றேன். ஆனா எனக்கு ஒரு கறவை மாடு பாக்கணும். இன்னைக்கு ஒண்ணு வந்துச்சே, கொம்பு உள்பக்கம் வளைஞ்சது, அது நல்லாத்தான இருந்துச்சு?"

நல்ல மாடுதான். நானும் பார்த்தேன். ஆனால் இந்த வயசில் வீட்டில் மாடு வைத்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்? அதெல்லாம் ஒன்றும் சரியில்லை, நமக்கு வேண்டாம் என்று சொன்னேன்.

அவள் செல்லை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.